காக்கை தலையில் தட்டினால் சனி பிடிக்குமா? கூட்டைக் கலைக்கச் சொல்கிறார்கள்

கேள்வி
எழுதியவர்: வண்ணாரப்பேட்டை மருமகள்

அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில், ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள் இருக்கும் பழைய காலத்து வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். முன்வாசலை ஒட்டி ஒரு பெரிய பூவரச மரம் நிற்கிறது. இந்தச் சித்திரையில் அதன் நடுக்கிளையில் ஒரு காக்கை ஜோடி கூடு கட்டியதிலிருந்து எங்கள் வாசலில் அமைதி போய்விட்டது. பெரியவர்களும் பறவைகளைப் பற்றித் தெரிந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

என் மாமனார் பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையில் வேலை பார்த்தவர். அவர் காலமானதிலிருந்து என் அத்தை, உலையிலிருந்து இறக்கிய சோற்றில் முதல் பிடியை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துக் குரல் கொடுக்காமல் ஒரு நாளும் சாப்பிட உட்கார்ந்ததில்லை. வரும் காக்கைகளில் ஒன்றுக்கு இடது காலில் ஒரு விரல் இல்லை. மாமனாருக்கும் ஆலையில் ஒரு விரல் போயிருந்தது. அதனால் அந்தக் காக்கையிடம் மட்டும் அத்தை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். குழம்பு நன்றாக அமைந்த நாளில் அதைச் சோற்றோடு பிசைந்து வைப்பார், உடம்புக்கு முடியாத நாளில் வெறும் தயிர்ச்சோறு வைத்துவிட்டு, "இன்னைக்கு இவ்வளவுதான், கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வருவார். இதை நாங்கள் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை. எனக்கும் அந்தக் காக்கை வராத நாளில் மனது என்னவோ செய்கிறது.

இப்போது அந்தக் கூட்டிலிருக்கும் காக்கை, மரத்தடியைக் கடந்து போகிறவர்களின் தலையில் தட்டத் தொடங்கியிருக்கிறது. போன வாரம் என் மகள் டியூஷனுக்குப் புறப்பட்டபோது பின்னாலிருந்து வந்து அடித்ததில் உச்சந்தலையில் லேசாகக் கீறிவிட்டது. பக்கத்துக் குடித்தனப் பெரியவர், அது சனி பகவானின் வாகனம் என்றும், மகளுக்கு மேஷ ராசி என்பதால் 2025 மார்ச் 29 பெயர்ச்சியிலிருந்தே ஏழரை தொடங்கிவிட்டது என்றும், தலையில் தட்டினால் வீட்டில் ஓர் உயிருக்கு ஆபத்து என்றும் சொல்கிறார். இன்னொருவர், யாராவது நெருங்கிய உறவினருக்குப் பொய்யாக இறப்புச் செய்தி சொல்லி அவர்களை அழவைத்துவிட்டால் தோஷம் அதோடு கழிந்துவிடும் என்கிறார். எல்லோரும் சேர்ந்து, கிளையை வெட்டிக் கூட்டைக் கலைத்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அத்தையோ, "அவருக்கு என் மேல் ஏதோ கோபம், அதான் பேத்தியைத் தட்டிட்டாரு" என்று சொல்லிச் சொல்லி, சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

காக்கை ஏன் இப்படித் தட்டுகிறது, இந்த அச்சத்துக்கு நம் பழைய நூல்களில் ஆதாரம் உண்டா, கூட்டைக் கலைக்காமல் இந்த நாள்களைக் கடத்த வழி இருக்கிறதா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட, அத்தையிடம் நான் என்ன சொல்வது?

---

பதில்
எழுதியவர்: திருவொற்றியூர் பறவை நோக்கர்

சகோதரி, முதலில் மகளின் கீறலைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, தடுப்பூசி விவரத்தோடு ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் மரத்தில் இருப்பது பெரும்பாலும் கழுத்தும் மார்பும் சாம்பல் நிறத்தில் இருக்கும் வீட்டுக் காக்கையாகத்தான் இருக்கும். முழுக் கறுப்பாகவும் தடித்த அலகோடும் இருக்கும் அண்டங்காக்கை வேறு இனம். நம் பகுதியில் வீட்டுக் காக்கை வெயில் காலத்தில்தான் கூடு கட்டும். மூன்று முதல் ஐந்து வரை, நீலப் பச்சை நிறத்தில் பழுப்புப் புள்ளிகளோடு முட்டையிடும். ஏறக்குறைய பதினாறு, பதினேழு நாள் அடைகாத்த பின் குஞ்சு பொரிக்கும், அதன் பிறகு மூன்று, நான்கு வாரத்தில் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியே வரும். தாயும் தகப்பனும் மிகவும் மூர்க்கமாக இருப்பது, குஞ்சுகள் கூட்டின் விளிம்புக்கு வந்து சிறகடித்துப் பார்க்கும் நாள்களிலும், கிளைக்கு வந்தும் சரியாகப் பறக்கத் தெரியாமல் தத்தளிக்கும் நாள்களிலும்தான். உங்கள் மகளை அது தட்டியது அவள் ராசியைப் பார்த்தல்ல. அவள் போகும் வழி அதன் குஞ்சுகளுக்கு நேர் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். பறந்து பழகிய குஞ்சுகள் தாமாக இரை எடுக்கத் தொடங்கிவிட்டால் அதே காக்கை உங்கள் தலைக்கு மேல் அமைதியாக உட்கார்ந்திருக்கும்.

அதன் தாக்குதலுக்கு ஒரு முறை உண்டு. அது பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வரும். நாம் திரும்பி அதை நேருக்கு நேர் பார்த்தால், பல நேரங்களில் பாதி வழியிலேயே விலகி மின்கம்பியில் போய் உட்கார்ந்து கத்தும். ஆகவே மரத்தடியைக் கடக்கும்போது ஒரு குடையை விரித்துக்கொண்டு போனால் போதும். குடை இல்லாவிட்டால் சைக்கிள் தலைக்கவசமோ, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த பையோகூட உதவும். கல்லெறிவது, கழியால் கிளையைத் தட்டுவது இரண்டையும் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்லுங்கள். காக்கை முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் சியாட்டல் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006இல் ஒரு குறிப்பிட்ட முகமூடியை அணிந்துகொண்டு சில காக்கைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு விட்டார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள், அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் கூட்டமாகச் சூழ்ந்து திட்டித் தீர்த்தன. பிடிபடாத காக்கைகளும், பிறகு பிறந்தவையும் அதில் சேர்ந்துகொண்டன. அது அமெரிக்கக் காக்கை, நம் ஊர் இனமல்ல என்றாலும், ஒரு முறை கல்லெறிந்த மனிதரை நம் காக்கையும் மறப்பதில்லை என்பதைத் தெருவில் வளர்ந்த எவரும் பார்த்திருப்பார்கள். கூட்டைக் கலைக்கிறவர் யாரோ, அவர்தான் அடுத்த சில வருடங்களுக்கு அந்த வாசலில் நிம்மதியாக நடக்க முடியாதவராக ஆவார். தவிரவும், முட்டையோ குஞ்சோ அழிந்தால் அந்த ஜோடி அருகிலேயே மறுபடியும் கட்டத் தொடங்கலாம், நீங்கள் பயப்படும் காலம் அதனால் இரட்டிப்பாகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கையை எலி, பழந்தின்னி வௌவால் முதலியவற்றோடு சேர்த்துத் தீங்குயிர் என்ற ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தார்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. "காக்கையை என்ன வேண்டுமானாலும் செய்யலாம், கேட்க ஆளில்லை" என்று இனி யாரும் சொல்ல முடியாது. மரம் தெருவோரத்தில் இருப்பது என்றால் மாநகராட்சியைக் கேட்காமல் கிளையில் கை வைக்கவும் கூடாது.

---

பதில்
எழுதியவர்: பெரம்பூர் தமிழாசிரியர்

அம்மா, நூல்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் பக்கத்து வீட்டுப் பெரியவரின் அச்சம் அவர் புதிதாகக் கட்டிவிட்டதல்ல.

தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய காக்கை, அச்சம் தரும் காக்கை அன்று. குறுந்தொகை 210ஆம் பாட்டில், பிரிந்து போயிருந்த தலைவன் திரும்பி வருகிறான். இத்தனை நாள் தலைவியை எப்படி ஆற்றியிருந்தாய் என்பதற்குத் தோழி சொல்லும் விடையில் தன் பெருமை எதையும் பேசவில்லை. விருந்து வரும் என்று கரைந்த காக்கைதான் இவளைத் தேற்றியது. வள்ளல் நள்ளியின் காட்டு ஆயர்களின் பசுநெய்யையும், தொண்டியில் விளைந்த வெண்ணெல் சோற்றையும் சேர்த்து ஏழு கலத்தில் ஏந்திக் கொடுத்தாலும் அந்தக் காக்கைக்கு அது சிறிய பலியே என்கிறாள். இதைப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயரே நிலைத்துவிட்டது. உங்கள் அத்தை கைப்பிடிச் சுவரில் வைக்கும் அந்த ஒரு பிடிச் சோறு, தோழி சொன்ன பலியின் நேர் வாரிசு என்றே நான் நினைக்கிறேன். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் பிண்டம் வைத்துக் காக்கையை எதிர்பார்த்து நிற்பதும், பொங்கலுக்கு மறுநாள் பெண்கள் உடன்பிறந்தவர்கள் நலமாக இருக்க மஞ்சள் இலையில் வண்ணச்சோறு வைத்துக் கணுப்பிடி வைப்பதும் இதே மரபின் கிளைகள்தாம்.

அச்சத்தின் வழி வேறு. மூதேவி என்று இன்று நாம் வசைச் சொல்லாக்கிவிட்ட சேட்டைத் தேவிக்குக் காக்கைக் கொடியாள் என்று பெயர். பல்லவர் காலத்தில் அவளுக்குக் கோயில்களில் இடம் இருந்தது, காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலிலும் அவள் சிற்பம் இருக்கிறது. பிற்காலத்தில் அவள் வழிபாடு தேய்ந்து, அவளோடு சேர்த்து அவள் கொடியும் அமங்கலமாகிவிட்டது. சனி பகவானின் வாகனம் என்ற நம்பிக்கை அதற்கு மேல் ஏறிக்கொண்டது.

வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய பிருகத் சம்ஹிதையில் காக்கை நிமித்தத்துக்கென்றே ஓர் இயல் உண்டு. பயமில்லாமல் அலகாலும் சிறகாலும் காலாலும் மனிதர்களைத் தாக்கும் காக்கைகள் பகை பெருகுவதற்கு அறிகுறி என்று அதில் இருக்கிறது. ஆகவே அச்சம் பழையதுதான், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே இயலில் இன்னொன்றும் இருக்கிறது. சித்திரை, வைகாசியை ஒட்டி வரும் வைசாக மாதத்தில், பழுதில்லாத நல்ல மரத்தில் காக்கை கூடு கட்டினால் அந்த இடத்துக்குச் செழிப்பும் நலமும் உண்டாகும். முள்மரத்திலோ பட்ட மரத்திலோ கட்டினால்தான் பஞ்சம் என்கிறார். உங்கள் வாசலில் இருப்பது பச்சையாக நிற்கும் பூவரசு, காலமும் அதுவே. நிமித்தத்தை நம்புகிறவர் ஒரு சுலோகத்தை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாகாது.

நம் பெரியவர்கள் சனிக்குச் சொல்லும் பரிகாரத்தையும் யோசித்துப் பாருங்கள். சனிக்கிழமை எள் சாதம் வடித்துக் காக்கைக்கு வைக்கச் சொல்கிறார்கள். வாகனத்துக்கு உணவு வைத்தால் சனியின் பார்வை தணியும் என்று நம்புகிற ஒருவர், அந்த வாகனத்தின் வீட்டைப் பிரித்து அதன் குஞ்சுகளைத் தெருவில் போட்டால் எந்தத் தோஷம் கழியும்? இதை வாதமாக அல்லாமல் வேண்டுகோளாகவே அந்தப் பெரியவரிடம் சொல்லுங்கள். அவர் நம்பிக்கைக்குள் நின்றே அவர் ஒத்துக்கொள்ளக்கூடிய நியாயம் இது.

பொய் இறப்புச் செய்தியை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அந்த வழக்கம் நம் பக்கத்தில் உண்டு என்பது எனக்குத் தெரியும். வயதான ஓர் உறவினர் அந்தச் செய்தியைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், யாருக்காகப் பரிகாரம் செய்தோமோ அவர்களாலேயே அதைத் தாங்க முடியாது.

அத்தையிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். கைப்பிடிச் சுவருக்கு வரும் விரலில்லாத காக்கையும் மரத்திலிருந்து தட்டும் காக்கையும் ஒன்றுதானா என்பதை அவரையே ஒரு நாள் கவனிக்கச் சொல்லுங்கள். ஒன்றாகவே இருந்தாலும் கவலைப்பட ஏதுமில்லை. குடும்பத்துக்காக ஆலையில் விரலைக் கொடுத்த மனிதர் காக்கையாக வந்திருந்தால், தன் குஞ்சுகளை இப்படித்தானே காப்பார் என்று நான் அந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தால் சொல்வேன்.

---

பதில்
எழுதியவர்: காசிமேட்டு விசைப்படகுக்காரர்

ஐயாவும் பறவை நோக்கரும் சொன்ன பிறகு நான் நூலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காக்கையோடு தினமும் தொழில் செய்கிறவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

விடியற்காலையில் படகுகள் துறைமுகத்துக்குள் திரும்பும்போது, எங்களுக்கு முன்னால் ஏலத் தளத்தில் காத்திருப்பவை காக்கைகளும் பருந்துகளும்தான். பருந்து மேலிருந்து பாய்ந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடும். காக்கை அப்படிச் செய்யாது. மீன் அறுக்கும் அம்மாக்களின் அரிவாள்மணைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, செதிலும் குடலும் விழும்வரை பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த அம்மா தலையைத் திருப்பிய நொடியில் தலை அறுத்த சங்கராவின் வாலைப் பிடித்து இழுக்கும். அவர்கள் திட்டுவார்கள், திட்டிக்கொண்டே ஒரு துண்டை எறிவார்கள். எங்கள் ஆள்கள் பலர் கடலுக்குக் கிளம்பும்போது காக்கை வலமிருந்து இடம் போனதா, இடமிருந்து வலம் போனதா என்று பார்ப்பவர்கள். அதே ஆள்கள், கரையில் காலில் நைலான் வலை நூல் சுற்றிக்கொண்ட காக்கையைத் துண்டால் மூடிப் பிடித்து, பல்லால் நூலைக் கடித்து அறுத்து விடுவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். சிறு படகுகள் கொண்டுவருவது மட்டும்தான் தளத்துக்கு வரும். காக்கைக்குக் கூடும் குஞ்சும் இருக்கிற அதே மாதங்களில் அதற்கு எங்களிடம் கிடைக்கும் இரை குறைந்துவிடுகிறது. அந்த நாள்களில் ராயபுரம், வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் காக்கைக் கூட்டம் அதிகமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே அத்தை வைக்கும் சோற்றை இப்போது நிறுத்தவே வேண்டாம்.

நம் வடசென்னைக்கே உரிய ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். கோடை விடுமுறையில் மாடிக்கு மாடி காத்தாடி விடுகிறார்கள். கண்ணாடித் தூள் பூசிய செயற்கை இழை மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இலேயே நாடு முழுவதும் தடை செய்துவிட்டது, நம் காவல்துறையும் தனியாகத் தடை போட்டுக்கொண்டே இருக்கிறது, இருந்தும் அறுந்த நூல் மரத்துக்கு மரம் தொங்குகிறது. உங்கள் காக்கைக்கு விரல் போனதும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நூல் விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்று, விரல் கறுத்துச் சுருங்கித் தானாக உதிர்ந்துவிடும். உங்கள் பூவரசில் நூல் தொங்கினால் குஞ்சுகள் வெளியே வரும் முன்பு, கூட்டை நெருங்காமல், கீழ்க்கிளைகளில் இருப்பதை மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.

---

பதில்
எழுதியவர்: கொருக்குப்பேட்டை குடியிருப்பாளர்

எல்லோரும் காக்கைக்காகப் பேசுகிறீர்கள், அதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனாலும் சோறு வைப்பதில் அடுத்த வீட்டுக்காரர்களின் சிரமத்தையும் நினைக்க வேண்டும். எங்கள் மாடியில் ஒருவர் மிஞ்சிய பிரியாணி, எலும்பு, எண்ணெய் வழியும் பூரி என்று கண்டதையும் தட்டில் கொட்டிவிட்டுப் போய்விடுவார். காக்கை தின்றது போக மீதி வெயிலில் நாறிக் கிடக்கும், இரவில் பெருச்சாளி வரும். காயப்போட்ட பள்ளிச் சீருடையில் எச்சம் விழாத நாளே இல்லை. கொத்திய எலும்பைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போனதும் உண்டு.

2021 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் காக்கைகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்து, பறவைக் காய்ச்சல் என்று உறுதியானது நினைவிருக்கும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. செத்த காக்கையைப் பிள்ளைகள் வெறுங்கையால் தொடக் கூடாது. ஓரிடத்தில் பல காக்கைகள் சேர்ந்து செத்துக் கிடந்தால் கால்நடை பராமரிப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அன்பு இருக்கிற வீட்டில் இந்த ஒழுங்கும் இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. வைக்கும் சோறு ஒரு பிடியோடு நிற்க வேண்டும், உப்பும் எண்ணெயும் காரமும் குறைவாக இருக்க வேண்டும், மீந்ததை உடனே அள்ளிவிட வேண்டும். தண்ணீர்த் தொட்டியை மூடி வைக்க வேண்டும். உங்கள் அத்தை அப்படித்தான் செய்கிறார் என்று படித்தால் தெரிகிறது, என்றாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிட்டேன்.

---

பதில்
எழுதியவர்: ராயபுரம் கப்பல் பொறியாளர்

கொருக்குப்பேட்டை நண்பர் சொல்வது நியாயமானது. மனிதன் போடும் குப்பைதான் காக்கையை எங்கும் பெருகவைத்தது. எங்கள் தொழிலில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் முதன்முதலாக இறங்கியபோது, காதில் விழுந்தது அப்படியே ராயபுரத்துக் காலைச் சத்தம். நிமிர்ந்து பார்த்தால் அதே சாம்பல் கழுத்து. நம் வீட்டுக் காக்கைதான். கப்பலில் தொற்றிக்கொண்டும், சான்சிபார் தீவில் குப்பையைத் தின்று தீர்க்கட்டும் என்று 1890களில் மனிதர்களே கொண்டுபோய் விட்டும், ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை முழுவதும் அது பரவிவிட்டது. அங்கே அது அந்த மண்ணின் சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று அழிப்பதால், 2024இல் கென்ய அரசு பத்து லட்சம் காக்கைகளை ஒழிக்கத் திட்டம் அறிவித்தது. அவர்கள் நிலையில் அதில் காரணம் இருக்கிறது. ஆனால் இது அதன் சொந்த ஊர். இங்கே அதன் கூட்டில் முட்டையிடக் குயிலும் இருக்கிறது, காக்கையை விரட்டக் கரிச்சானும் பருந்தும் இருக்கின்றன.

லண்டன் கோபுரக் கோட்டையில் அண்டங்காக்கை வளர்க்கிறார்கள் என்று நம் பத்திரிகைகள் எழுதும். அது நம் அண்டங்காக்கை அல்ல, அதைவிட மிகப் பெரிய, தொண்டையில் சடைபோல இறகு தொங்கும் வேறோர் இனம். இந்தியாவில் அதை இராஜஸ்தான் பக்கத்து வறண்ட நிலங்களிலும் இமயமலையிலும்தான் பார்க்க முடியும், சென்னையில் கிடையாது. அந்தக் கோட்டையைவிட்டு அவை போய்விட்டால் அரசும் கோட்டையும் விழும் என்ற நம்பிக்கைக்காக எப்போதும் குறைந்தது ஆறையாவது வைத்திருக்கிறார்கள்; அவற்றைப் பார்த்துக்கொள்ளச் சீருடை அணிந்த காவலர் ஒருவர் இருக்கிறார், பச்சை மாமிசமும் இரத்தத்தில் ஊறிய பிஸ்கட்டும் கொடுக்கிறார். அங்கும் சாவோடும் தூக்குமேடையோடும் சேர்த்துப் பேசப்பட்ட பறவைதான் அது. அந்த அச்சத்தை வைத்துக்கொண்டே அதற்கு வேளாவேளைக்குச் சோறு போடுகிறார்கள். உங்கள் வாசலிலும் இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும், சகோதரி. அச்சப்படுகிறவரை அச்சப்படாதே என்று அதட்ட வேண்டாம், குடை பிடித்துக்கொண்டு போகச் சொன்னால் போதும்.

---

கேள்வி கேட்டவரின் பதில்
எழுதியவர்: வண்ணாரப்பேட்டை மருமகள்

எல்லோருக்கும் என் நன்றி. மகளை மருத்துவரிடம் காட்டிவிட்டேன், பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஆசிரியர் ஐயா சொன்னதைப் பெரியவரிடம் அவர் சொன்ன பணிவோடே சொன்னேன். வாகனத்தின் வீட்டைப் பிரிக்கலாமா என்று கேட்டதும் அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு வைகாசி முடியும்வரை மரத்தில் கை வைக்க வேண்டாம் என்று அவரே மற்றவர்களிடம் சொல்லிவிட்டார். இந்தச் சனிக்கிழமை எள் சாதம் வடித்து அவர் வீட்டுப் பங்காக அத்தையிடம் கொடுத்தனுப்பினார். வாசலில் பொதுவாக ஒரு பழைய குடையை மாட்டி வைத்திருக்கிறோம், போகிறவர்கள் எடுத்துக்கொண்டு போய், திரும்பும்போது மாட்டிவிடுகிறார்கள்.

அத்தை கவனித்துப் பார்த்தார். தட்டுகிற காக்கைக்குக் கால் விரல்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. விரலில்லாதது அதன் இணையா, வேறா என்று தெரியவில்லை, ஆனால் கூட்டுக்கு இரை கொண்டுபோவதை இரண்டு முறை பார்த்தேன் என்கிறார். நேற்றிலிருந்து வேளைக்குச் சாப்பிடுகிறார்.

இன்று காலையில் ஒரு குஞ்சு மரத்தடியில் விழுந்து கிடக்கிறது. இறகு முளைத்திருக்கிறது, தத்துகிறது, பறக்கவில்லை. வாயைத் திறந்தால் உள்ளே ஒரே சிவப்பு. தெருப்பூனை சுற்றுகிறது. மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அவசரமாகச் சொல்லுங்கள்.

---

பதில்
எழுதியவர்: திருவொற்றியூர் பறவை நோக்கர்

தாராளமாகத் தொடலாம். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. ஒருவர் உங்கள் தலைக்கு மேல் குடை பிடிக்கட்டும், நீங்கள் குஞ்சைப் பருத்தித் துணியால் மூடி எடுத்து, அடியில் துளையுள்ள ஒரு பிளாஸ்டிக் கூடையில் காய்ந்த வைக்கோலோ சருகோ பரப்பி அதில் விட்டு, பூனைக்கு எட்டாத உயரத்தில், அதே மரத்தின் நிழலான கிளையில் கூடையைக் கட்டிவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குள் போய்விட வேண்டும், ஆள் நின்றால் தாய் இறங்காது. சிறிது நேரத்தில் இரண்டில் ஒன்று இரையோடு வரும். குஞ்சு உடம்பெல்லாம் கன்னங்கரேலென்று, கழுத்தில் சாம்பல் சாயலே இல்லாமல் இருந்தால் அது குயில் குஞ்சாகவும் இருக்கலாம், அதற்கும் இதே ஏற்பாடுதான், காக்கை அதையும் ஊட்டும். சிறகு தொங்கினாலோ இரத்தம் வந்தாலோ மட்டும் அட்டைப் பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அத்தை பாசத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றப் பார்ப்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.